பிக்கப்புக்கு எத்தனை அங்குல ரிம்? சிங்கப்பூரில் சுமை ஏற்றி ஓட்டுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா, ரேஞ்சர் என எதை வைத்திருந்தாலும் ரிம் மாற்றும் ஆசை ஒரு நாள் வந்துவிடும். ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த காக்கி புக்கிட் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் போதும். 20 அங்குலக் கறுப்பு ரிம் மாட்டிய வண்டி ஒன்று கண்ணில் படும். நம் வண்டி உடனே பழசாகத் தெரியும். கடைக்காரர் அங்கிளிடம் "இது என் வண்டிக்கு ஏறுமா?" என்று கேட்டால், "கேன், கேன்" என்பார். ஏறும், உண்மைதான். ஆனால் ஏறுவது வேறு, ஏற்றிய சுமையோடு ஓடுவது வேறு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வேலைக்கு ஓடும் பிக்கப்புக்கு ரிம் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அதன் முதுகில் ஏறும் எடை. அழகு அப்புறம். இங்கே நிறைய பேருக்கு 17 தான் சரியான அளவு; சிலருக்கு 16 இன்னும் நல்லது; 18 பரவாயில்லை; 20 போடுவதற்குக் காரணங்கள் மிகக் குறைவு. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கச்சுவரில் 265/65ஆர்17 என்பது போல ஒரு குறியீடு இருக்கும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 265-இல் 65 சதவீதம் ஏறக்குறைய 172 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 25.4-ஆல் பெருக்கினால் 432 மி.மீ. வரும். பக்கச்சுவர் மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. ஆக 432 + 172 + 172 = 776 மி.மீ. இதுதான் சக்கரத்தின் மொத்த விட்டம்.

இதே கணக்கை நான்கு அளவுகளுக்குப் போட்டுப் பாருங்கள்:

265/70ஆர்16: பக்கச்சுவர் 186 மி.மீ., மொத்தம் 777
265/65ஆர்17: பக்கச்சுவர் 172 மி.மீ., மொத்தம் 776
265/60ஆர்18: பக்கச்சுவர் 159 மி.மீ., மொத்தம் 775
265/50ஆர்20: பக்கச்சுவர் 133 மி.மீ., மொத்தம் 773

ரிம் 16-இலிருந்து 20 வரை போயும் மொத்த விட்டம் அசையவே இல்லை. பெரிய ரிம் போட்டால் வண்டி உயரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடக்காது. கூடியது உலோகம், குறைந்தது ரப்பரும் காற்றும். 17-இலிருந்து 20-க்குப் போனால் பக்கச்சுவரில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் போய்விடுகிறது. நீங்கள் எடுக்கப்போகும் முடிவின் சாரம் அந்த 4 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

வண்டி உண்மையிலேயே உயர வேண்டுமென்றால் டயரின் மொத்த விட்டம் கூட வேண்டும். அது வேறு கதை; படி 4-இல் வருகிறேன்.

படி 2: சுமைக் கணக்கு

இதைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. காற்றுக்கு இடம் குறைந்தால் அதே எடையைத் தாங்க அழுத்தம் கூட வேண்டும். டயர் அளவுக்குப் பக்கத்திலேயே 112எஸ், 110டி என்பது போல ஒன்று எழுதியிருக்கும். எண்தான் சுமைக் குறியீடு, எழுத்து வேகத்துக்கானது. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 107 என்றால் 975, 110 என்றால் 1,060, 112 என்றால் 1,120, 116 என்றால் 1,250 கிலோ.

இப்போது உங்கள் வண்டிக்கு வாருங்கள். சரக்கு வாகனம் என்பதால் காலி எடையும் அதிகபட்ச எடையும் எழுதிய லேபிள் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும். பின் அச்சு எவ்வளவு தாங்கலாம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கணக்குக்காக 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டயர், ஆளுக்கு 850. "104 டயரே 900 தாங்குமே, போதாதா?" என்று தோன்றும். காகிதத்தில் போதும். ஆனால் டைல்ஸ் பெட்டிகளை இறக்க வசதியாக ஒரே பக்கமாக அடுக்கியிருப்பீர்கள். வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கம் சாயும். காற்று ஒரு மாதமாகப் பார்க்கப்பட்டிருக்காது. அந்த 50 கிலோ இடைவெளி எங்கே போனது என்றே தெரியாது.

வண்டி தயாரித்தவர் 112 கொடுத்திருந்தால் 112-க்குக் கீழே இறங்காதீர்கள். 20 அங்குலத்தில் சிக்கல் வருவது இங்கேதான். அந்த அளவில் பல டயர்கள் 107-இல் நிற்கும். 111 வேண்டுமென்றால் எக்ஸ்.எல். (கூடுதல் சுமைக்கானது) எனக் குறித்த டயராகத் தேட வேண்டும். அந்த டயர் முழுச் சுமையைத் தாங்குவது சுமார் 42 பி.எஸ்.ஐ. காற்றில், சாதாரண டயர் 36-இலேயே தன் முழுச் சுமையைத் தாங்கிவிடும். எக்ஸ்.எல். வாங்கிவிட்டு, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பழைய காற்றளவையே போட்டு ஓட்டினால், கூடுதல் தாங்கும் திறனுக்குக் கொடுத்த காசு வீண்.

எதிர்த் திசையில் பாருங்கள். வேலைக்கென்றே வரும் மாடல்களில் 225/70ஆர்17சி போன்ற டயர் இருக்கும். கடைசியில் வரும் 'சி' என்பது வணிக வாகன டயர் என்பதற்கான அடையாளம். 108/106 என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். முதல் எண் தனிச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. நமக்கு முதல் எண்தான். பக்கச்சுவர் தடித்தது, அதிகக் காற்றழுத்தம் தாங்கும், காலியாக ஓட்டும்போது கொஞ்சம் குதிக்கும். தினமும் சிமென்ட், மண் மூட்டை, ஏர்கான் கம்ப்ரசர் என்று ஏற்றுபவருக்கு இதை விட்டுவிட்டு அகலமான அழகு டயருக்குப் போவது நஷ்டம்தான்.

படி 3: நீங்கள் ஓட்டும் சாலையை நினைத்துப் பாருங்கள்

பெரிய ரிம்முக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நல்ல காரணம் ஒன்று உண்டு. பக்கச்சுவர் குட்டையானால் டயர் வளையாது, ஸ்டியரிங் திருப்பியவுடன் வண்டி திரும்பும். 130-இல் ஓடும் நெடுஞ்சாலைக்கு அது பொருந்தலாம். நமக்கு? சிங்கப்பூரில் பிக்கப் இலகுரகச் சரக்கு வாகனமாகப் பதிவாகிறது. விரைவுச்சாலையிலேயே 70-க்கு மேல் போகக் கூடாது. வண்டியின் பின்னால் 70 என்ற ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு பந்தயக் கார் ஸ்டியரிங் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை.

நம் சாலைகள் நல்லவைதான். ஆனால் பிக்கப் போகும் இடங்கள் வேறு. துவாஸ், சுங்கை காடுட், கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் தொழிற்பேட்டை வேகத்தடைகள், சாலைப்பணிக் குழிகளின் மேல் போட்ட இரும்புத் தகடுகள், கட்டுமானத் தளத்தின் வாசலில் காய்ந்து இறுகிய கான்கிரீட் விளிம்புகள். இவற்றில் சக்கரம் ஏறி இறங்கும்போது நசுங்கிக் கொடுப்பது பக்கச்சுவர். அது குட்டையானால் அடி நேராக ரிம்மில் விழும். ரிம் நெளியும், டயருக்குள் நூல் அறுந்து பக்கச்சுவரில் முட்டை போல வீங்கும். வீங்கிய டயரை ஒட்டு போட முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். தவிர, நவாராவின் சில மாடல்களை விட்டுவிட்டால் பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். காலியாக ஓடும்போது அதன் குதியலைக் கொஞ்சமாவது அடக்குவதும் உயரமான பக்கச்சுவர்தான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் சுழல் சரிவுகளையும் மறக்க வேண்டாம். பிக்கப் நீளம், வளைவு குறுகல், ஓரத்தில் கான்கிரீட் கரை. 20 அங்குல ரிம்மின் விளிம்பு எத்தனை மாதம் கீறலில்லாமல் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் ஊர் இது. பிற்பகலில் கொட்டத் தொடங்கினால் அரை மணியில் சாலையில் தண்ணீர் படலமாக நிற்கும். டயர் அகலமாக ஆக அந்தத் தண்ணீரை ஒதுக்கித் தரையைத் தொடுவது கடினமாகிறது. வழுக்கி மிதக்கும் வாய்ப்பு கூடுகிறது. காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு என்பதால் முதலில் வழுக்குவதும் அதுதான். பெரிய ரிம்மோடு அகலத்தையும் கூட்டி 285, 305 என்று போவதை நான் இங்கே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கட்டி கட்டியாகப் பட்டன் வைத்த சேற்று டயரும் அப்படித்தான். மலேசியத் தோட்டப் பாதையில் ராஜா, ஈரமான தீவு விரைவுச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது மோசம்.

படி 4: மொத்த விட்டத்தில் கைவைக்காதீர்கள்

உயரம் வேண்டும் என்பவர்கள் செய்வது இது: 265/65ஆர்17 இருந்த இடத்தில் 265/70ஆர்17 போடுவார்கள். மொத்தம் 803 மி.மீ. ஆகும், 3.4 சதவீதம் அதிகம். இன்னும் துணிந்தவர்கள் 285/70ஆர்17 போடுவார்கள். 831 மி.மீ., 7 சதவீதம் அதிகம். இவ்வளவு செய்தும் வண்டி உயர்வது 27 மி.மீ.தான், ஏனென்றால் கூடிய விட்டத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும்.

அதற்குக் கொடுக்கும் விலை என்ன? ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். முள் 70-இல் நிற்கும்போது, முன்பு எவ்வளவு வேகமோ அதைவிட 7 சதவீதம் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். 70-இன் மேல் அது கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். கேமராவிடம் டயர் கதை சொல்ல முடியாது. ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும். எண்ணெய் மாற்றும் நேரம் தள்ளிப்போகும்.

இழுவையும் குறையும். ஒவ்வொரு கியரும் உயரமாகிவிட்டது போல இருக்கும். சுமையோடு சரிவு ஏறும்போதும், சிராங்கூன் ரோட்டில் மாலை நெரிசலில் நின்று நின்று போகும்போதும் அது தெரியும். பிரேக்கும் கூடுதல் விட்டத்தை எதிர்த்து நிறுத்த வேண்டும். முழுதாகத் திருப்பும்போது டயர் உள் மட்கார்டில் உரசலாம். அதுவும் சுமை ஏற்றிப் பார்க்கும் வரை தெரியாது.

மொத்த விட்டம் பழைய அளவிலிருந்து ஓரிரு சதவீதத்துக்குள் இருக்கட்டும். அவ்வளவுதான் விதி.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானால் இன்னொன்று. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றில் முன் பின் அச்சுகளை ஒன்றாகப் பூட்டும் முறைதான். முன்னால் ஒரு விட்டம், பின்னால் ஒரு விட்டம் என்று போட்டுவிட்டு அதைப் பூட்டினால் கியர்பெட்டிக்குள் திருகல் ஏறி உடைத்துவிடும். நான்கும் ஒரே அளவு. ஒரே அளவு தேய்ந்ததாகவும் இருக்க வேண்டும்.

படி 5: ரிம் உண்மையில் பொருந்துமா?

"ஆறு நட், எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்வார்கள். ஒன்றில்லை. ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் மூன்றிலும் ஆறு துளைகள் 139.7 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன. நவாராவில் 114.3. அதனால் நவாரா ரிம் மற்றவற்றில் ஏறாது.

துளை பொருந்தினாலும் நடு ஓட்டை பொருந்த வேண்டும். ஹைலக்ஸில் அது 106.1 மி.மீ., ரேஞ்சரில் 93.1, டிரைட்டனில் 67.1. ஹைலக்ஸ் ரிம்மை ரேஞ்சரில் மாட்டினால் நடுவில் இடைவெளி இருக்கும். வளையம் போட்டு அடைக்காவிட்டால் ரிம் மையத்தில் உட்காராது, ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து நட் பிடிக்கும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ரிம்மின் பின்புறம் 'ஈ.டி.' என்று பொறித்திருக்கும். ஹைலக்ஸில் 30, ரேஞ்சரில் 55. எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். அதே அகலமுள்ள ஹைலக்ஸ் ரிம்மை ரேஞ்சரில் போட்டால் 25 மி.மீ. வெளியே வந்து நிற்கும். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் பேரிங் மேல் நெம்பும், ஸ்டியரிங் இழுக்கும், மட்கார்டைத் தாண்டினால் சட்டச் சிக்கலும் வரும்.

சிறிய ரிம்முக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது பிரேக். முன் டிஸ்க் பெரிதாக உள்ள மாடல்களில் 16 அங்குல ரிம் காலிப்பரில் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இடிக்கும். இதற்கு எளிய சோதனை: உங்கள் மாடலின் அதே ஆண்டு, அதே எஞ்சின் கொண்ட கீழ்நிலை வகை 16-இல் விற்பனையானதா என்று பாருங்கள். ஆனது என்றால், பிரேக்கும் ஒன்றே என்று உறுதி செய்துகொண்டு தைரியமாக இறங்கலாம். இல்லையென்றால் டயர் ஏற்றாத வெறும் ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நட்டையும் பாருங்கள். சில ஒரிஜினல் அலாய் ரிம்களுக்குத் தட்டையான அடி கொண்ட நட், வெளியே வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு நட். மாற்றிப் போட்டால் இறுகியது போல இருக்கும், பிறகு கழலும்.

படி 6: சட்டம், பரிசோதனை, காப்புறுதி

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எது கூடவே கூடாது என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் அதைப் படியுங்கள். டயரோ ரிம்மோ மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

சரக்கு வாகனம் 10 வயது வரை ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். டயர் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படி தவறு. நம் மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ரிம் மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி குத்தகைக்கு எடுத்தது அல்லது முதலாளியுடையது என்றால், கேட்காமல் ஒரு நட்டையும் தொடாதீர்கள்.

படி 7: யாருக்கு எது

புதுப்பிப்பு வேலை, செடி நர்சரி, கேட்டரிங், ஏர்கான் என்று தினமும் சுமை ஏற்றுபவர்: வண்டியோடு வந்த 16 அல்லது 17, 'சி' டயர் அல்லது சுமைக் குறியீடு அதிகமுள்ள டயர். இரும்பு ரிம் இருந்தால் அதை இழிவாக நினைக்காதீர்கள். நெளிந்தால் தெரியும், மாற்றச் செலவு குறைவு.

வாரநாளில் வேலை, வாரக்கடைசியில் குடும்பத்தோடு மெர்சிங், டெசாரு என்று மலேசியக் கடற்கரைக்குப் போகிறவர்: 17, ஆல்-டெரெய்ன் டயர் (தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவானது). மணலில் காற்றைக் குறைத்து ஓட்டவும் பக்கச்சுவரில் இடம் இருக்கும். தார்ச் சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்ப மறக்க வேண்டாம்.

சுமை குறைவு, பெரும்பாலும் வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதுதான் என்பவர்: 18. உயர்நிலை மாடல்களில் 265/60ஆர்18 தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. டயர் கிடைப்பதும் எளிது. கண்ணுக்கும் நன்றாக இருக்கும்.

20 தான் வேண்டும் என்று மனம் அடம் பிடித்தால், தயாரிப்பாளரே அந்த அளவில் விற்ற மாடலாக இருப்பது நல்லது. ரேஞ்சரின் சில வகைகள் 255/55ஆர்20-இல் வந்திருக்கின்றன. அதற்கான சுமைக் கணக்கை அவர்கள் போட்டிருப்பார்கள். பின்புறம் பெரும்பாலும் காலியாக ஓடும் வண்டிக்கு மட்டும் இது.

படி 8: கடையில்

கடைக்குப் போகும்போது ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: பழைய டயரின் முழு அளவு, சுமைக் குறியீடு, ஆஃப்செட், நடு ஓட்டை. தாளைக் காட்டிப் பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மலிவு விலையில் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முறுக்கிவிட்டு அனுப்பினால் நிறுத்துங்கள்; கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டருக்குள் திரும்பி வந்து மறுபடி சரிபார்க்க வேண்டும். அலைன்மென்ட் அன்றைக்கே.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள். வண்டிக்கடியில் தொங்கும் அதன் மொத்த விட்டம் புதியதோடு ஒத்துப்போக வேண்டும், அதற்கேற்ற நட்டும் வண்டியில் இருக்க வேண்டும். விரைவுச்சாலையில் பஞ்சரானால் அங்கேயே ஜாக் போட்டு வீரம் காட்ட வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து அருகிலுள்ள நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் சென்று விடும். அங்கே நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

கழற்றிய பழைய ரிம்களை அன்றே விற்றுவிடாமல் அடுத்த பரிசோதனை முடியும் வரை வைத்திருங்கள். வீவக வீட்டு நடைபாதையில் அடுக்கினால் தீயணைப்பு விதிப்படி பிரச்சினை வரும், அண்டை வீட்டாரும் சும்மா இருக்க மாட்டார்கள். தெரிந்த ஒர்க்‌ஷாப்பிலோ கிடங்கிலோ இடம் கேட்டு வையுங்கள்.